ஏர்கூலரும் எட்டாயிரம் அட்டையும்

சிவகாசின்னு சொன்னா எல்லாருக்கும் பட்டாசு ஞாபகம் வரும். அடுத்து தீப்பெட்டி. மூணாவதா ஒண்ணு இருக்கு, அதான் எங்க வீட்டுச் சோறு: அச்சு. காலண்டர், டைரி, நோட்டு அட்டை, லேபிள், கல்யாணப் பத்திரிகைன்னு எங்க ஊர்ல அடிக்காத காகிதம் கிடையாது. இந்த மூணு தொழிலுக்கும் பொதுவா ஒரு மூலதனம் உண்டு. காசு குடுக்காம கிடைக்கிறது. காய்ஞ்ச காத்து. மழை கம்மி, காத்துல ஈரம் கம்மி. மருந்து நமுக்காது, குச்சி நமுக்காது, பேப்பரும் நமுக்காது.

அப்பேர்ப்பட்ட ஊருக்கு நான் 11,000 ரூபாய் செலவு பண்ணி ஈரத்தைக் கொண்டுபோய் இறக்கின கதைதான் இந்தப் பதிவு. நடுவுல கொஞ்சம் பௌதிகம் வரும். பயப்படாதீங்க, பரீட்சை கிடையாது :-)

அப்பாவோட பிரஸ் ரொம்பச் சின்னது. ஒரு ரெண்டு கலர் ஆப்செட் மெஷின், ஒரு கட்டிங் மெஷின், மேல ஆஸ்பெஸ்டாஸ். மே மாசம் மத்தியானம் உள்ள போனா மெஷின் சூடு, கூரைச் சூடு, இங்க் வாடை எல்லாம் சேர்ந்து ஆளை ஒரு அமுக்கு அமுக்கும். போன வருஷம் மே மாசம் எங்க மெஷின்மேன் அண்ணாச்சி மயங்கி விழுந்துட்டார். நான் சின்னப் பையனா இருக்கும்போதிருந்து அங்க வேலை பார்க்கிறவர். நல்லவேளை ஃபீடர் பக்கம் நின்னுக்கிட்டிருந்தார், ரோலர் பக்கம் இல்ல. அப்பா போன்ல இதை ரொம்ப சாதாரணமா சொன்னார். "சோடா வாங்கிக் குடுத்தோம், எந்திரிச்சுட்டாப்ல."

அந்த போன் வந்தப்ப நான் சென்னையில ஆபீஸ்ல குளிருதுன்னு ஜெர்கின் போட்டுக்கிட்டுப் பொட்டி தட்டிக்கிட்டிருந்தேன். உண்மையாவே கூசிப் போச்சு.

ஏசி போடலாம்னா அந்த ஷெட்டுக்குக் கட்டுப்படியாகாது. இங்க் நெடிக்கும் மெஷின் கழுவுற கெமிக்கல் நெடிக்கும் காத்து வெளிய போய்க்கிட்டே இருக்கணும். கதவைத் திறந்து வச்சுக்கிட்டு ஏசி போடுறது, ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்துற வேலை. அதனால ஏர்கூலர். அந்த வாரக் கடைசியிலயே மதுரையில இறங்கி, இருக்கிறதுலயே பெரிய சைஸா ஒண்ணு வாங்கி, வண்டியில ஏத்திக்கிட்டுப் போய் சனிக்கிழமை மத்தியானம் மெஷினுக்கு நேரா நிறுத்தினேன். ஷெட்டே ஜிலுஜிலுன்னு ஆச்சு. அண்ணாச்சி முகத்தைத் துடைச்சுக்கிட்டு "தம்பி, குத்தாலத்துல நிக்கிற மாதிரி இருக்கு"ன்னார். நான் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

திங்கக்கிழமை காலையில காலரை இறக்க வேண்டியதாப் போச்சு.

அப்ப ஓடிக்கிட்டிருந்தது ஸ்கூல் நோட்டு அட்டை. நாலு கலர் வேலை. எங்ககிட்ட இருக்கிறது ரெண்டு கலர் மெஷின், அதனால ஒரே ஷீட் ரெண்டு தடவை மெஷினுக்குள்ள போகணும். முதல் ஓட்டத்துல கறுப்பும் நீலமும். காய விட்டு, ரெண்டாவது ஓட்டத்துல சிவப்பும் மஞ்சளும். சனிக்கிழமை காலையில முதல் ஓட்டம் முடிஞ்சு எட்டாயிரம் ஷீட் அடுக்கி வச்சிருந்தாங்க. எங்க? கரெக்டா கூலர் காத்து வர்ற வழியில. அவ்வ்வ்...

காகிதம்கிறது நார். ஈரம் குடிச்சா ஊதும், அதுவும் நாருக்குக் குறுக்கு வாட்டத்துல அதிகமா ஊதும். அடுக்கி வச்சா ஓரம் மட்டும் ஈரம் குடிக்கும், நடுப்பக்கம் குடிக்காது. ஓரமெல்லாம் அலை அலையா ஆயிரும். முதல் ஓட்டத்துக்கும் ரெண்டாவது ஓட்டத்துக்கும் நடுவுல ஷீட் அரை மில்லிமீட்டர் வளர்ந்தா போதும், சோலி முடிஞ்சது. அண்ணாச்சி ரெண்டு மணி நேரம் மல்லுக்கட்டினார். கிரிப்பர் பக்கம் சேர்த்தா வால் பக்கம் விலகுது. அந்தப் பக்கம் பிடிச்சா இந்தப் பக்கம் போகுது. ரெஜிஸ்டர் நிக்கவே இல்ல. அட்டையில ஒரு குழந்தை சிரிச்சுக்கிட்டிருக்கும். உதடு ஒரு இடத்துல இருக்கு, உதட்டுச் சிவப்பு பல்லு மேல இருக்கு.

அப்பா ஒரு ஷீட்டை எடுத்து ஓரத்தை விரலால தடவிப் பார்த்தார். திரும்பி கூலரைப் பார்த்தார். போய் சுவிட்சை அணைச்சார். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. திட்டியிருந்தா நிம்மதியா இருந்திருக்கும். பார்ட்டி சரக்கை எடுக்க மாட்டேன்னுட்டாங்க. சொந்தப் பேப்பர் போட்டு எட்டாயிரமும் திருப்பி அடிச்சோம். கூலரை அம்மா வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க. அண்ணாச்சி பழையபடி துண்டை நனைச்சுத் தலையில போட்டுக்கிட்டு அதே வெக்கையில நின்னார். எனக்கு அதுதான் பொறுக்கல.

சென்னைக்குத் திரும்பி வர்ற பஸ்ல ஒரே கேள்வி. குளிர்ச்சி வேணும், ஈரம் வேணாம். ஏசி இல்லாம முடியுமா?

முடியும். ஆனா அதுக்கு முன்னாடி சாதா கூலர் என்ன பண்ணுதுன்னு புரிஞ்சுக்கணும். நான் படிச்சது நாலு வருஷ இன்ஜினியரிங், அதுல தெர்மோடைனமிக்ஸ் ஒரு பேப்பர். எழுதினேன், பாஸானேன், மறந்தேன்.

தண்ணி ஆவியாகணும்னா வெப்பம் வேணும். ஒரு லிட்டர் ஆவியாக சுமாரா 2,400 கிலோஜூல். பள்ளிக்கூடத்துல உள்ளுறை வெப்பம்னு படிச்சமே, அதுதான். கூலர்ல ஈரப் புல்லு வழியா காத்து போகும்போது தண்ணி அந்த வெப்பத்தைக் காத்துகிட்ட இருந்து பிடுங்கிக்குது. காத்து குளிருது. ஒரு கணக்கு பார்த்தா அசந்துடுவீங்க. ஒரு டன் ஏசி செய்ற வேலையை, மணிக்கு அஞ்சு லிட்டர் சொச்சம் தண்ணி ஆவியானா அதுவே செஞ்சிடும்.

ஆனா ஒரு குட்டு இருக்கு. காத்துல இருந்து பிடுங்கின வெப்பம் எங்கயும் போகல! அதே காத்துக்குள்ளதான் நீராவியா வேஷம் மாத்திக்கிட்டு உக்காந்திருக்கு. மொத்த வெப்பத்தைக் கூட்டிப் பார்த்தா முன்னாடி எவ்வளவோ அவ்வளவேதான் பின்னாடியும். குளிர்ச்சிக்கு ஈரத்தால விலை குடுக்குறோம், அந்த ஈரத்தையும் நம்ம ரூமுக்குள்ளயே கொட்டிக்கிறோம்.

நம்பர் போட்டுப் பார்ப்போம். வெளிய 40 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம்னு வச்சுக்குங்க. மே மாச மத்தியானத்துக்குப் பக்கத்துல வர்ற கணக்கு. ஒரு தெர்மாமீட்டர் முனையில ஈரத் திரியைச் சுத்தி விசிறியில காட்டினா அது சுமார் 26 டிகிரியில நிக்கும். இதுக்கு ஈரக்குமிழ் வெப்பநிலைன்னு பேரு. சாதா கூலர் தலைகீழா நின்னாலும் இதுக்குக் கீழ போக முடியாது. நடைமுறையில அந்த 14 டிகிரி இடைவெளியில ஒரு 80 சதவீதம் இறங்கும், அதாவது 29-க்குப் பக்கத்துல. பிரமாதம்தான். ஆனா கூலர் வாயில ஈரப்பதம் 80-ஐத் தொட்டுடும். 30 எங்க, 80 எங்க. குழந்தையோட பல்லு சிவக்காம என்ன பண்ணும்?

இப்ப மாத்தி யோசிக்கணும். ரயில்ல போகும்போது தண்ணி பாட்டிலை ஈரத் துணியில சுத்தி ஜன்னல் கம்பியில கட்டித் தொங்க விடுவாங்க, பார்த்திருக்கீங்களா? எங்க தாத்தா அதுல எக்ஸ்பர்ட். துணியில இருக்கிற தண்ணி காத்துல ஆவியாகும். துணி குளிரும், அது பாட்டிலைக் குளிர்விக்கும், பாட்டில் உள்ள இருக்கிற தண்ணியைக் குளிர்விக்கும். உள்ள இருக்கிற தண்ணிக்கும் வெளிய நடக்கிற ஆவியாதலுக்கும் நடுவுல ஒரு சுவர் இருக்கு. அந்தச் சுவத்தைத் தாண்டி வெப்பம் மட்டும் போகுது. ஈரம் இந்தப் பக்கம் வர்றதில்ல.

பாட்டிலுக்குள்ள தண்ணிக்குப் பதிலா காத்தை ஓட விடுங்க. அவ்வளவுதாங்க மறைமுக ஆவிக் குளிர்ப்பு.

மெல்லிசான தகடுகளை வரிசையா அடுக்கி வழிகள் உண்டாக்கறாங்க. ஒண்ணு விட்டு ஒண்ணு உலர்ந்த வழி, ஈரமான வழி. நமக்கு வேண்டிய காத்து உலர்ந்த வழியில போகும். ஈரமான வழியில தண்ணி சொட்டும், அது வழியா வேற ஒரு காத்தை இழுத்து விடுவாங்க. அந்த ரெண்டாவது காத்துதான் பலியாடு. ஆவியையும், தகடு வழியா வர்ற வெப்பத்தையும் வாங்கிக்கிட்டுக் கூரை வழியா வெளிய போயிரும். சாதா கூலர்ல வெப்பம் வேஷம் மாத்திக்கிட்டு உள்ளயே இருக்கும்னு சொன்னேன்ல, இதுல அந்த வேஷக்காரனைக் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளியாச்சு.

இடையில ஒரு சுவர் இருக்கறதால திறமை கொஞ்சம் கம்மி. அதே 14 டிகிரியில 60 சதவீதம் இறங்குதுன்னு வச்சா 40 டிகிரி காத்து 31.6-க்கு வரும். "ப்பூ, சாதா கூலரே 29 தருதே"ன்னு சொல்லாதீங்க. ஈரப்பதத்தைப் பாருங்க. 48 சதவீதம். இந்த 30, 48 ஆனது தண்ணி சேர்ந்ததால இல்ல. ஒரு துளி கூட சேரல. காத்து குளிர்ந்தா அது கொள்ளக்கூடிய அளவு சுருங்கும், அதே ஈரம் பெரிய சதவீதமாத் தெரியும். அவ்வளவே. இதுல இன்னொரு வேடிக்கை, பிரஸ்ஸுக்கு 50 சதவீதத்தை ஒட்டி இருக்கிறதுதான் நல்லதுன்னு அச்சுத் தொழில் புத்தகங்கள் சொல்லும். ரொம்பக் காய்ஞ்சு போனாலும் ஷீட்டுல கரண்டு ஏறி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். ஆக, அண்ணாச்சிக்கு வேண்டியதும் பேப்பருக்கு வேண்டியதும் ஒரே இடத்துல வந்து நிக்குது! இந்தக் கணக்கு வந்தன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

இன்னும் மேல போன ஆளுங்க இருக்காங்க. முதல்ல மறைமுகமா இறக்கி, அந்த 31.6 டிகிரி காத்தைச் சாதா கூலர்ல விட்டா 25 வரைக்கும் போகும், ஆரம்பத்துல பார்த்த 26-ங்கிற எல்லையையே தாண்டி. ரெண்டு கட்டக் கூலர்னு இதைச் சொல்றாங்க, இந்தியாவிலயே செய்றாங்க. ஆனா ரெண்டாவது கட்டத்துல ஈரம் சேரும், எங்களுக்கு ஆகாது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது மைசொட்சென்கோ சுழற்சி. வலேரி மைசொட்சென்கோங்கிற விஞ்ஞானியோட பேர்ல வழங்குது. பலியாடா வெளிக்காத்தை விடாம, உலர்ந்த வழியில ஏற்கனவே குளிர்ந்து வந்த காத்துல ஒரு பங்கைத் திருப்பி ஈர வழியில விடுறது. குளிர்ந்த காத்துக்கு ஈரக்குமிழ் எல்லை இன்னும் கீழ. அதனால தகடு இன்னும் குளிரும், அதனால அடுத்து வர்ற காத்து இன்னும் குளிரும்... நம்ம பாஷையில சொன்னா ரிகர்ஷன். முடிவே கிடையாதான்னா உண்டு. பனிநிலைதான் எல்லை. நம்ம 40 டிகிரி உதாரணத்துக்கு அது 19. கம்ப்ரசர் இல்லாம, வெறும் தண்ணியும் விசிறியும் வச்சுக்கிட்டு 19-ஐப் பார்த்துப் போகலாம்கிறது சும்மா இல்லீங்க. ஒரு பங்கு காத்தை இதுக்கே பலி குடுக்கணும், அது ஒரு நஷ்டம்.

உடனே சென்னைவாசிகள் கிளம்பி வராதீங்க. இங்க 36 டிகிரி, ஈரப்பதம் 60-ன்னு ஒரு நாளை எடுத்துக்குங்க. ஈரக்குமிழ் 29-க்கு மேல, பனிநிலையே 27. மறைமுகமா 60 சதவீதம் இறக்கினா 32 டிகிரி, 75 சதவீதப் புழுக்கம். சட்டை முதுகுல ஒட்டிக்கும். ஏசி மட்டும்தான் காயிலைப் பனிநிலைக்குக் கீழ கொண்டுபோய் ஈரத்தைச் சொட்டச் சொட்டப் பிழிஞ்சு எடுக்கும். பால்கனியில பைப்ல ஒழுகுதே, அது உங்க ரூம் காத்தோட வியர்வை.

எங்க பிழைப்புக்கே தீனி போடுற டேட்டா சென்டர் உலகத்துலயும் இதே யோசனைதான். சர்வருக்கு வெப்பமும் ஆகாது, ஈரமும் ஆகாது, பேப்பர் மாதிரியே. 2018-ல ஃபேஸ்புக்கும் நார்டெக்கும் அறிவிச்ச ஒரு முறையில ஒரு மெல்லிய சவ்வு வழியா தண்ணியை ஆவியாக்கிக் குளிர்ந்த தண்ணி எடுக்கறாங்க. அங்கயும் சுவர்தான் ஹீரோ.

சரி, படிச்சது போதும்னு ஆயுத பூஜை லீவுல ஊருக்குப் போய் ஒண்ணு செஞ்சேன். விளம்பர போர்டு அடிக்கிற சன்பேக் ஷீட் இருக்குல்ல, உள்ள குழாய் குழாயா ஓட்டை இருக்குமே, அதை ஒண்ணரை அடி சதுரமா இருபது வெட்டினேன். அந்தக் குழாய்தான் உலர்ந்த வழி. ரெண்டு ஷீட்டுக்கு நடுவுல விரல் நுழையாத இடைவெளி விட்டேன், அது ஈர வழி. மேல இருந்து தண்ணி சொட்ட ஓட்டை போட்ட பைப்பு. ஆன் பண்ணினா ஒண்ணும் நடக்கல. அரை டிகிரி கூட இறங்கல. பிளாஸ்டிக்ல தண்ணி நிக்காதுங்கிற சின்ன விஷயம் மண்டையில ஏறல. முத்து முத்தா உருண்டு கீழ ஓடிருச்சு. மெஷின் துடைக்கிற வேஸ்ட் துணியை ஒவ்வொரு ஷீட்டுலயும் ஒட்டச் சொன்னது அண்ணாச்சிதான்.

ரெண்டாவது தடவை இறங்குச்சு, ஆனா வெளிய வர்ற காத்துல ஈரம் எகிறிடுச்சு. மறைமுகக் கூலர்ல இதைக் கண்டுபிடிக்கறது ரொம்பச் சுலபம். உள்ள போற காத்தோட பனிநிலையும் வெளிய வர்ற காத்தோட பனிநிலையும் ஒண்ணா இருக்கணும். இல்லன்னா எங்கயோ ஒழுகுது. இதைவிட நல்ல டெஸ்ட் கேஸ் என் ஆபீஸ்ல கூட நான் எழுதினதில்ல. ஷீட் ஓரத்துல தண்ணி கசிஞ்சு குழாய்க்குள்ள போயிருந்தது. சிலிக்கான் வச்சு அடைச்சேன்.

அக்டோபர்ல வெயிலுக்கு எங்க போக? திரும்ப இந்த வருஷம் சித்திரையில போய்த்தான் ஓட்டிப் பார்த்தேன். உள்ள போறது 38 டிகிரி, 34 சதவீதம். வெளிய வர்றது 33 டிகிரி, 45 சதவீதம். பனிநிலை ரெண்டு பக்கமும் ஒண்ணு! அஞ்சு டிகிரி. ஈரக்குமிழ் வரைக்கும் இருந்த பன்னெண்டரையில அஞ்சுன்னா 40 மார்க். பத்தாங்கிளாஸ்னா பாஸ், இன்ஜினியரிங்னா அரியர் :-)

குறை நிறைய இருக்கு. காத்து கம்மி. மணிக்கு ஆயிரம் கன மீட்டர் காத்தை அஞ்சு டிகிரி இறக்கினாலே ஒண்ணரை கிலோவாட் சொச்சம்தான், அரை டன் ஏசிக்கும் கீழ. என் டப்பா அதுல பாதி கூடத் தள்ளாது. எங்க ஊர் உப்புத் தண்ணிக்குத் துணி ரெண்டே வாரத்துல வெள்ளையாப் பூத்துருது, அப்பப்ப தண்ணியை மாத்தணும். தண்ணிக்கே கஷ்டப்படற ஊர்ல அதுவும் ஒரு செலவு. அதனால ஷெட்டைக் குளிர வைக்கிற பேராசையை விட்டாச்சு. ஃபீடர் பக்கத்துல அண்ணாச்சி நிக்கிற இடத்துல மட்டும், தலைக்கு மேல இருந்து காத்து இறங்கற மாதிரி ஒரு டக்ட்.

அன்னிக்கு சாயங்காலம் அப்பா வந்தார். டப்பாவைச் சுத்தி ஒரு ரவுண்டு. அப்புறம் அடுக்குல இருந்து ஆர்ட் பேப்பர் ஒரு ஷீட்டை உருவி, காத்து வர்ற வாய்க்கு நேரா பிடிச்சுக்கிட்டு நின்னார். அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம், அசையல. நான் மூச்சு விடாம பார்த்துக்கிட்டிருக்கேன். ஷீட்டை மேஜையில போட்டு, குனிஞ்சு, ஓரத்துல கண்ணை வச்சுப் பார்த்தார். விரலால தடவினார்.

"சத்தம் ஜாஸ்தியா இருக்கே"ன்னார்.

அண்ணாச்சி மெஷினுக்கு அந்தப் பக்கம் இருந்து சிரிச்சார். மறுநாள் காலையில அப்பா பட்டறைக்காரரைக் கூட்டிக்கிட்டு வந்து அளவெடுக்க வச்சிருந்தார். பிளாஸ்டிக் வேணாம், அலுமினியத் தகடு போடலாமான்னு பட்டறைக்காரர் கேட்டதுக்கு என்னைக் கை காட்டினாராம். வர்ற பங்குனிக்குள்ள பெருசா ஒண்ணு ரெடியாகணும். தகடு எத்தனை மில்லிமீட்டர் போடலாம், உப்புக்கு அலுமினியம் தாங்குமா, பூச்சு குடுக்கணுமான்னு இன்னும் முடிவாகல. மெக்கானிக்கல் படிச்ச நண்பர்கள் யாராவது இந்தப் பக்கம் வந்தா கொஞ்சம் சொல்லிட்டுப் போங்கப்பா.